ஸ்டார்ட் ஆகலை

பாலத்தைத் தாண்டி மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. ஆபரேட்டரம்மா ஆச்சரியப்படவில்லை. கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், எழுதினாள்: ஞாயிறு, பத்து இருபது, நல்ல வெயில், மூன்றாவது வளைவு, எதிரே லாரி. அதற்குக் கீழே 'முகம் வாடின மாதிரி நடிப்பு' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். ஒரு லைனில் கோளாறு என்றால் நேரம், இடம், மழையா வெயிலா, புகார் சொன்னவர் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் எழுதிவைப்பது அங்கே வழக்கம். ரிட்டயராகி ஏழு வருடமாகியும் கை அந்த வழக்கத்தை விடவில்லை, காதும் விடவில்லை. எதிர்முனையில் இருப்பவர் பொய் சொன்னால் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் அந்தத் திறமைக்குத் தினமும் வேலை இருந்தது.

"ஸ்டார்ட் ஆகலை" என்றார் சர்வேயர்.

அவளுடைய வீட்டுக்காரர். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்து ரிட்டயரானவர். பொங்கிய பாலின் ஆடை நிறத்தில் இருந்த இந்தப் பழைய வண்டியைக் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே வாங்கியிருந்தார். மூத்த தாரம் அதுதான் என்று ஆபரேட்டரம்மா சொல்வாள். தினமும் காலையில் இரண்டு வாளித் தண்ணீரில் அது குளிக்கும். அவர் அரை வாளியில் குளிப்பார்.

"ஆகாது. எப்படி ஆகும்? இன்னும் எட்டு கிலோமீட்டர்ல அக்கா வீடு இருக்கே" என்றாள் ஆபரேட்டரம்மா.

"நான் என்ன பண்ணட்டும்? நானா நிறுத்தினேன்?"

"வாயைக் கிளறாதீங்க. போய் முன்னாடி கதவைத் திறந்து வச்சு அழகு பாருங்க."

அவர் இறங்கிப்போய் என்ஜின் மூடியைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு முதுகு நிமிரும், இரண்டு காலும் கீழே இருக்கிற பலகையில் ஊன்றிக்கொள்ளும். அவர் வந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி போனார், எதையோ துடைத்தார், வந்து திருப்பினார். இப்படியே முக்கால் மணி நேரம் போனது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "காயலான் கடை அந்தப் பக்கம் சார்" என்று கை காட்டிவிட்டுப் போனான். அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஆறுதல்.

கடைசியில் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து இறங்கி, அவர் முகத்துக்கு நேரே நின்று நாலு வார்த்தை கேட்பதற்கு வாயைத் திறந்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி தூங்கி எழுந்த குழந்தை மாதிரி சமர்த்தாக ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா" என்றாள். "நான் எறங்கினதும் எடுக்குது. என்னைக் கொண்டுபோய்ச் சேக்கக் கூடாதுன்னுதானே?"

"இப்ப எடுத்துருச்சே, போலாம் வா."

"முதல் தடவை இப்படித்தான் போனோம். அரை கிலோமீட்டருக்குள்ள ரெண்டு தடவை நின்னுச்சு. 'நடுவழியில மாட்டிக்குவோம், திரும்பிடலாம்'னு நீங்கதானே குதிச்சீங்க? வேணாம். இஷ்டமில்லாத ஆளை இழுத்துக்கிட்டுப் போய் எங்க அக்கா வாசல்ல நிறுத்த வேணாம். வீட்டுக்கு விடுங்க."

சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமாகத் திரும்பும்போதெல்லாம் அவள் பின்சீட்டில்தான் வருவாள், டிரைவரை வைத்து ஓட்டுகிற பெரிய மனுஷி மாதிரி. வீடு வரைக்கும் வண்டி ஒரு விக்கல்கூட விக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினாள். இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

அக்கா வியாழக்கிழமை விடிகாலை கிளம்புகிறாள். வெளிநாட்டில் இருக்கிற மகன் வந்து வீட்டை ஒழித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். போனால் போனதுதான், திரும்பி வருகிற வயது இல்லை. பஸ் இருக்கிறது, அரை மணிக்கு ஒன்று. ஆனால் அக்கா போனில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாள்: "வந்தா ரெண்டு பேரும் சேந்து அந்த வண்டியிலயே வாங்க. இல்லேன்னா யாரும் வர வேண்டாம்."

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் வீட்டுக்காரர் இறந்த அன்று அடைமழை. சுடுகாடு மூன்று கிலோமீட்டர், வழியெல்லாம் கணுக்கால் முழுகும் சேறு. நடக்க முடியாத பெரியவர்கள் அஞ்சாறு பேர் இருந்தார்கள். வாசலில் இருந்தது சர்வேயரின் வண்டி ஒன்றுதான். அக்கா மகன் குடையோடு ஓடிவந்து, "சித்தப்பா, பெரியவங்களை மட்டும் கொண்டுபோய் விட்ருங்க" என்று கேட்டான். முந்தின வாரம்தான் சீட்டுக்கெல்லாம் புதுத் துணி போட்டிருந்தார் சர்வேயர். சாவியைத் திருப்பிக் காட்டினார். என்ஜின் இருமியது, பிடிக்கவில்லை. "ஸ்டார்ட் ஆகலைப்பா, நீயே பாரு" என்று உதட்டைப் பிதுக்கினார். பெரியவர்கள் சேற்றில் நடந்தார்கள். அக்காவும் நடந்தாள், வாசலைத் தாண்டும்போதே ஒரு தடவை, வழியில் ஒரு தடவை வழுக்கி விழுந்தாள். முழங்கால் வரை சேற்றோடு அவள் திரும்பி வருகிற நேரத்தில், அந்த வண்டி அலுங்காமல் குலுங்காமல் சந்து திரும்பி ஊரைப் பார்த்துப் போவதை அவளே பார்த்தாள்.

வண்டியைத் திருடன் கொண்டுபோகாமல் இருக்க முன்சீட்டுக்கு அடியில் அவர் ரகசியமாக ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். அதைத் தட்டிவிட்டால் யார் சாவி போட்டாலும் எடுக்காது. திருடனுக்காக வைத்தது சொந்தக்காரர்களுக்குப் பயன்பட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகுதான் தனக்கே விஷயம் தெரிந்ததாக ஆபரேட்டரம்மா அக்காவிடம் போனில் அழுதாள். எல்லாம் அவர் பண்ணின வேலை என்றாள்.

அதனால் இந்த மாதம் முதல் தடவை வண்டி நின்றபோதே, அவள் செய்த முதல் காரியம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சுவிட்சை வெட்டி எறியச் சொன்னது. எறிந்தாயிற்று. அப்புறமும் வண்டி நின்றது. அப்படியென்றால் இந்த மனிதர் இன்னொரு சுவிட்சை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார். வேறு என்ன?

திங்கட்கிழமை காலையில் அதே எலக்ட்ரீஷியன், டெஸ்டர், வந்தான். காதிடுக்கில் பென்சில் வைப்பது போல டெஸ்டரைச் செருகிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். ஐம்பது வயது இருக்கும். உலகத்தில் வண்டிகளை உருவாக்கியவர்கள், ஓட்டுகிறவர்கள், ரிப்பேர் பார்க்கிறவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி மட்டமாகப் பார்ப்பவன். ஆபரேட்டரம்மாவுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அவனைப் பிடிக்கும்.

"யாரு சார் இந்தப் பாட்டரி முனையைக் கட்டினது?" என்று ஆரம்பித்தான்.

"நான்தான்" என்றார் சர்வேயர்.

"நல்லா இருக்கு. மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு."

பாட்டரி முனையில் பூத்திருந்த பச்சை உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினான். பூமிக்கம்பியைக் கழற்றி, போல்ட்டைச் சுரண்டி, திரும்ப முடுக்கினான். என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற காயிலை மாற்றிப் பார்த்தான். ஃப்யூஸ் ஒவ்வொன்றையும் பிடுங்கி உப்புக்காகிதத்தில் தேய்த்தான். ஸ்குரூடிரைவரின் மரக்கைப்பிடியால் வயர் கட்டுகளைத் தட்டித் தட்டி, என்ஜின் தடுமாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். தடுமாறவில்லை. ஓடுகிற வண்டியில் கோளாறு தேடுவதைப் போலக் கேவலம் எதுவும் இல்லை என்றான்.

"நின்னா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேம்மா. நிக்க மாட்டேங்குதே. டாக்டரைப் பாத்ததும் வயித்துவலி போயிடுற மாதிரி."

"உங்களைப் பாத்து நிக்காது. என்னைப் பாத்தாத்தான் நிக்கும்" என்றாள் அவள். அவித்த முட்டையும் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வாசல் மேடையில் வைத்தாள். சர்வேயருக்கும் ஒரு முட்டை வைத்தாள், உப்பு வைக்கவில்லை.

டெஸ்டர் சாப்பிட்டு முடித்து, காயிலிலிருந்து ஒரு நீள வயரை இழுத்துவந்து ஒரு சின்னப் பல்பை அதில் மாட்டி, முன்கண்ணாடிக்கு மேலே டேப் போட்டு ஒட்டினான். "சாவி போட்டிருக்கிற வரைக்கும் இது எரியணும். வண்டி நிக்கிறப்ப இதுவும் அணைஞ்சா கரண்டுல கோளாறு. இது எரிஞ்சுக்கிட்டே வண்டி நின்னா பெட்ரோல்ல கோளாறு."

"ரெண்டும் இல்லேன்னா?"

"ஆள்ல கோளாறு" என்றான் டெஸ்டர், யாரையும் பார்க்காமல்.

இரண்டு ஆண்களும் ஏறிக்கொண்டு கிளம்பினார்கள். பாலம், மூன்று வளைவு, அக்கா ஊரின் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். மொத்தம் அறுபது கிலோமீட்டர். பல்பு ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை.

"வண்டி சுத்தம்மா" என்றான் டெஸ்டர்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் சர்வேயர். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அது தனக்கு எதிரான சாட்சி என்பதுகூட அந்த மனிதருக்குப் புரியவில்லை. வண்டி சுத்தம் என்றால் குற்றவாளி யார்?

ஆபரேட்டரம்மா உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். அக்காவுக்காக எடுத்துவைத்திருந்த கம்பளிச் சால்வையைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்து, அவர் வேஷத்தைக்கூடத் தன்னால் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லையே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. அவருடைய பொய்யைவிட, அதைப் பிடிக்கத் தெரியாத தன் மேல்தான் அதிக ஆத்திரம். அன்று ராத்திரி சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டாள். அவர் தானே போட்டுச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை டெஸ்டரை மறுபடி வரவழைத்தாள். சர்வேயர் வண்டிக்கு இரண்டாவது வாளியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுவிட்ச் எங்கயோ இருக்கு. தேடுங்க" என்றாள்.

"அம்மா, நான் பொறந்ததுலேர்ந்து வயரைப் பாக்குறேன். இல்லாத சுவிட்சை எங்கேர்ந்து எடுக்க?"

"இதைப் படிங்க" என்று நோட்டை நீட்டினாள்.

டெஸ்டர் முதலில் சிரித்தான். வீட்டுக்காரம்மாக்கள் எழுதுகிற நோட்டைப் படித்து ரிப்பேர் பார்க்கும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்கிற சிரிப்பு. பிறகு படித்தான். முதல் தடவை, மழை, பாலம் தாண்டி இரண்டாவது வளைவு. இரண்டாவது தடவை, மேகமூட்டம், மூன்றாவது வளைவு. மூன்றாவது, வெயில், லாரி எதிரே வந்தபோது. நாலாவது, வெயில், மூன்றாவது வளைவு, லாரி. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மழை, வெயில் ரெண்டுலயும் நிக்குது. அப்ப ஈரம் இல்லை" என்றான். "ஊருக்குள்ள நிக்கிறதே இல்லையா?"

"இல்லை. ஊருக்குள்ள போனா ரெண்டு தெருதான். பாலத்தைத் தாண்டினா மட்டும்தான். மூணு வருஷமா அந்தப் பக்கமே போகலையே."

"லாரி வந்தப்ப நின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்க. லாரி வந்தா சார் என்ன பண்ணுவாரு?"

"உங்க சார் என்ன பண்ணுவாரு? நடு ரோட்டுலயே போவாரு. நிலம் அளக்கிற நெனப்பு."

"நான் ஓரமாத்தான் போறேன்" என்றார் சர்வேயர், வாளியோடு.

"திரும்பி வர்றப்ப ஏன் நிக்கலை? அதே ரோடு, அதே வளைவு, அதே லாரி."

"வீட்டுக்கு வர்றதுன்னா அவருக்கு இனிக்குமே."

டெஸ்டர் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். எக்ஸ்சேஞ்ச் வழக்கப்படி அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. அதில் ஒரு வரியில் அவன் விரல் நின்றது.

"திரும்பறப்ப பின்சீட்டுன்னு எழுதியிருக்கே. நாலு தடவையும் பின்சீட்டா?"

"ஆமா. அந்த மூஞ்சிக்குப் பக்கத்துல யாரு உக்காருவா?"

டெஸ்டர் காதிலிருந்து டெஸ்டரை எடுத்தான். "நேத்து நாங்க போனப்ப முன்னாடி நான் உக்காந்தேன். காலை மடிச்சுச் சம்மணம் போட்டுக்கிட்டேன், முட்டி இடிச்சதுனால. அம்மா, நீங்க ஏறுங்க."

"நானா?"

"நீங்க இல்லாம வண்டி நின்னதே இல்லை. உங்களை வச்சு யாரும் பாக்கவும் இல்லை. ஏறுங்க. சார், வாளியை வச்சுட்டு வாங்க."

மூன்று பேரும் கிளம்பினார்கள். முன்னால் அவளும் சர்வேயரும், பின்னால் டெஸ்டர். பல்பு முன்கண்ணாடிக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. பாலம் தாண்டியது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் எதிரே செங்கல் ஏற்றிய லாரி ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. சர்வேயர் நிதானமாகத்தான் ஒதுங்கினார். ஆபரேட்டரம்மாவுக்கு அது போதவில்லை.

"பிரேக்கப் போடுங்க!" என்று கத்தினாள். கத்தும்போதே அவளுடைய வலது கால் பலகையை ஓங்கி மிதித்தது.

பல்பு அணைந்தது. வண்டி நின்றது.

"அசையாதீங்க!" என்றான் டெஸ்டர் பின்னாலிருந்து. "யாரும் அசையாதீங்க. அம்மா, காலை மட்டும் தூக்குங்க."

தூக்கினாள். பல்பு எரிந்தது.

"வைங்க. அழுத்தி."

வைத்தாள். அணைந்தது.

"தூக்குங்க."

எரிந்தது. யாரும் சொல்லாமல் அவளே ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். அணைந்தது. ஆபரேட்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு டெஸ்டர் பலகையைத் தூக்கிப் பார்த்தான். அந்தப் பலகை சர்வேயர் செய்தது. போன வருடம் அவளுக்கு முட்டி வீங்கியபோது, கால் தரையில் எட்டாமல் தொங்கி வலிக்கிறது என்று அவள் ஒரே ஒரு தடவை முனகியதைக் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்து, மேலே ரப்பர் ஒட்டி, வண்டியின் நிறத்திலேயே பெயிண்டும் அடித்து வைத்தார். கறிக்கடைக் கட்டை மாதிரி இருக்கிறது என்றாள் அவள். அதன் மேல்தான் கால் வைத்தாள்.

கட்டை உறுதியாக நிற்க வேண்டும் என்று அவர் போட்ட ஸ்குரூ அரை அங்குலம் நீளம் அதிகம். அது தரை விரிப்பைத் துளைத்து, கீழே போகிற ஒரு வயரில் இறங்கியிருந்தது. வயருக்குள் இருந்த செம்பு இழைகளில் மூன்றோ நாலோதான் அறுபடாமல் மிச்சம். மிதித்தால் விலகும், விட்டால் ஒட்டும்.

"இது என்ன வயரு?" என்று கேட்டாள்.

டெஸ்டர் வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனான். அது சீட்டுக்கு அடியில் போய், டேப் சுற்றிய ஒரு முடிச்சில் நின்றது. பழைய ரகசியச் சுவிட்ச் இருந்த இடம்.

"சார் திருடனுக்கு வச்ச வயரு" என்றான். "சார் வயரை இழுத்தாரு, சார் கட்டையை வச்சாரு, நீங்க மிதிச்சீங்க. குடும்பமா உக்காந்து பண்ணின வேலை."

"ஒரு ஆளை விட்டுட்டீங்க" என்றாள் ஆபரேட்டரம்மா. "சுவிட்சை எடுக்கச் சொன்னப்ப, வயரை ஏன் விட்டுட்டுப் போனீங்க? முனையைச் சேத்து டேப்பைச் சுத்திட்டு, 'வேலை முடிஞ்சுதும்மா'ன்னு மூணு டீ குடிச்சீங்களே?"

டெஸ்டர் தன் டெஸ்டரைக் காதில் செருகினான், விழுந்தது, எடுத்து மறுபடி செருகினான்.

அன்று சாயங்காலத்துக்குள் பழைய வயர் முழுவதையும் உருவி எறிந்துவிட்டு, காயிலுக்குப் புதிதாக நேர் வயர் ஒன்று போட்டான். ஸ்குரூவை அறுத்துப் பலகையை மறுபடி பொருத்தட்டுமா என்று கேட்டான். சர்வேயர் அவளைப் பார்த்தார்.

"வேணாம்" என்றாள். "காலு தொங்கட்டும்."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். சால்வை மடியில் இருந்தது. பலகை இல்லாமல் அவளுடைய கால் தரைக்கு நாலு விரல் மேலே தொங்கியது. பாலம் தாண்டியது. லாரி வந்தது. வலது கால் தானாகக் காற்றை மிதித்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை வருடம் இந்த வண்டியைத் தான்தான் பாதி ஓட்டிக்கொண்டிருந்ததாக அவள் நினைத்திருந்தாள்.

மூன்றாவது வளைவும் போனது.

"நின்னப்பல்லாம் உன்மேல எனக்குக் கோவம் வந்துச்சு" என்றார் சர்வேயர் சாலையைப் பார்த்துக்கொண்டே. "நான் பண்ணலைன்னு சொல்லியும் நம்பலையேன்னு."

"நம்புற மாதிரி நடந்துக்கிட்டீங்களா?"

"இல்லை." "ஒண்ணு சொல்றேன். நான் நிறுத்தலை. ஆனா நின்னப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தக் குரலில் பொய் இல்லை. நாலு தடவையும் அவள் நோட்டில் எழுதியது பாதி தப்பு, பாதி சரி.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, அக்கா வீட்டுச் சந்துக்கு முந்தின முனையில் வண்டி நின்றது.

ஆபரேட்டரம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு சாவியைப் பார்த்தாள். அது அணைக்கிற பக்கம் திரும்பியிருந்தது. அவருடைய விரல் இன்னும் அதன் மேலேயே இருந்தது.

மூன்று வருடமாக அவள் பிடிக்கக் காத்திருந்த கை. பட்டப்பகலில், கண்ணுக்கு முன்னால், கையும் களவுமாக.

"டெஸ்டருக்குப் போன் போடட்டுமா?" என்றாள். "கோளாறு கிடைச்சிருச்சுன்னு."

அவர் சிரிக்கவில்லை. "என்னால முடியலை" என்றார். "அண்ணி மூஞ்சியப் பாத்து என்னன்னு சொல்லுவேன்? அறுபத்தாறு வயசு எனக்கு. சீட்டுத்துணி அழுக்காயிடும்னு பொய் சொன்னேன்னு எப்படிச் சொல்றது? நீ போய்ச் சொல்லிட்டு வாயேன். உனக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. உன்மேல அவங்களுக்கு வருத்தம் இல்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு கேவலமான மனிதருக்கு முப்பத்தெட்டு வருடம் சமைத்துப்போட்டோமே என்று நினைக்க வேண்டிய நேரம் அது. எப்போதும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அன்று அந்த நினைப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தச் சுவிட்சு யாரு சீட்டுக்கு அடியில இருந்துச்சு? என் சீட்டுக்கு அடியில. நீங்க கர்ச்சீப்பை எடுக்கிற மாதிரி குனிஞ்சீங்க. டக்குனு சத்தம் கேட்டுச்சு. முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்காகவே சம்பளம் வாங்கினவ நான். எனக்குக் கேக்காதா?"

சர்வேயர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

"கேட்டுச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். மழை. நானும் எறங்கி நடக்கணுமேன்னு. சேத்துக்காலோட ஆறு பேரை ஏத்தினா அப்புறம் யாரு கழுவுறதுன்னு. எங்க அக்கா விழுந்ததைக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது, எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்வது போல. "அப்புறம் போன் பண்ணி எல்லாம் அவரு பண்ணின வேலை அக்கான்னு அழுதேன்."

சந்து முனையில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"யாரு முதல்ல சொல்றது?" என்று கேட்டார் அவர்.

கையை நீட்டி, அவர் விரலைத் தட்டிவிட்டு, சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி எடுத்துக்கொண்டது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். பின்னால் கூடம் காலியாக இருந்தது, கயிறு கட்டிய பெட்டிகள் சுவரோரமாக இருந்தன. என்ஜின் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் நன்றாக இளைத்திருந்தாள். இறங்கி வந்த இருவரையும் பார்க்காமல், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற வண்டியைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே ஆச்சு அண்ணி" என்றார் சர்வேயர்.

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள் ஆபரேட்டரம்மா. "அப்பவே தெரியும்."

அக்கா கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கை சால்வையை நீட்டியபடி நின்றாள். பிறகு அவள் கதவை விரியத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி உள்ளே நடந்தாள்.

"காலை நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றாள் திரும்பாமலே. "தரை அழுக்காயிடும்."